கொண்டைக்கடலை வியூகம்

டேவிட் கிளிஃபர்டை என் மகன் தின்றுவிட்டான்.

2025 ஜூலை 26, சனிக்கிழமை ராத்திரி, டப்ளினில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இது நடந்தது. மறுநாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு குரோக் பார்க் மைதானத்தில் கெர்ரிக்கும் டோனிகாலுக்கும் அகில அயர்லாந்து கேலிக் கால்பந்து இறுதி ஆட்டம். நான் மேசையைத் துடைத்து, டோனிகாலுக்குப் பதினைந்து கொண்டைக்கடலை, கெர்ரிக்குப் பதினான்கு பட்டாணி என்று ஆட்களை நிறுத்தியிருந்தேன். கெர்ரியின் பதினைந்தாவது ஆள் கிளிஃபர்ட். அவரைப் போய்ப் பட்டாணியாக வைக்க மனசு வரவில்லை. டப்பாவைத் துழாவி உடையாத முந்திரி ஒன்றை எடுத்து வைத்தேன். முந்திரிக்கு முன்னால் ஒரு கடலை, பின்னால் காவலுக்கு ஒரு கடலை என்று டோனிகாலின் தற்காப்பை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பல் தேய்க்கப் போன பையன் திரும்பி வந்து முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"டேய், அது கிளிஃபர்டுடா!"

"உப்பே இல்லப்பா," என்றான்.

டோனிகால் அணி மறுநாள் எழுபது நிமிடம் முயன்றும் முடியாத காரியத்தை அவன் ஒரே கடியில் முடித்துவிட்டான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

என் வியாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் நான் ஒரு வியூக முன்னோட்டம் தயாரிப்பேன். யாரும் கேட்டதில்லை. பையனின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருக்கும் கட்டம் போட்ட தாள்களில் நான்கைந்து பக்கம் போகும். அம்புக்குறி உண்டு, சிவப்பு மை உண்டு. யார் யாரை மறிப்பார்கள், கோல்கீப்பர் உதைக்கும் பந்து எங்கே விழும், எந்த அணிக்கு எப்போது மூச்சு வாங்கும் என்று எல்லாம் இருக்கும். கடைசிப் பக்கத்தில் முடிவு. அந்தக் கடைசிப் பக்கம் இதுவரை ஒரு தடவைகூடப் பலித்ததில்லை.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் போகக்கூடாது. தரையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே காலில் விட்டு, நுனிக்காலால் எற்றி, மறுபடி கைக்கே வரவழைக்க வேண்டும். இந்த இரண்டாவது வித்தைக்கு சோலோ என்று பெயர். இங்கே ஐந்து வயதுப் பிள்ளைகள் நடைபாதையில் சோலோ செய்துகொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். அது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று நினைத்து, வந்த புதிதில் வீட்டுப் பின்கட்டில் நானும் முயன்றேன். பந்து என் கைக்கு வரவில்லை. வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ரோஜாச் செடிகளுக்குள் போயிற்று. அப்படித்தான் கெர்ரிக்காரர் எனக்கு அறிமுகமானார்.

அவர் எழுபதைத் தாண்டியவர். டப்ளினில் நாற்பது வருடம் குடியிருந்தும் "ஊருக்குப் போகிறேன்" என்றால் கெர்ரிக்குத்தான். பந்தைத் திருப்பிக் கொடுத்தவர், என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "ஞாயிற்றுக்கிழமை வா, ஆட்டம் இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கலாம்" என்றார். உட்கார்ந்து என்ற சொல்லில் ஓர் அழுத்தம் இருந்ததை நான் பிறகுதான் யோசித்தேன்.

அது 2016 செப்டம்பர். டப்ளினுக்கும் மேயோவுக்கும் இறுதி ஆட்டம். கோல் கம்பம் இங்கே எச் எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்து போனால் ஒரு பாயிண்ட். கீழே, வலைக்குள் போனால் கோல்; அதற்கு மூன்று பாயிண்ட். ஸ்கோரைக் கூட்டிச் சொல்லமாட்டார்கள். கோல் தனி, பாயிண்ட் தனி. கடைசியில் திரையில் டப்ளின் 2-9, மேயோ 0-15 என்று வந்தது. இரண்டு கோல் பெரிதா, பூஜ்யம் பெரிதா? நான் எழுந்து நின்று, அங்கே விருந்தாளியாக வந்திருந்த மேயோக்காரர் ஒருவரின் கையைப் பிடித்து, "வருந்துகிறேன், நன்றாகத்தான் ஆடினீர்கள்" என்று ஆறுதல் சொன்னேன். இரண்டு மூன்று ஆறு, ஆறும் ஒன்பதும் பதினைந்து. ஆட்டம் டிரா. அவர் பாவம், தனக்குத் தெரியாமல் எதையோ ரெஃப்ரி மாற்றிவிட்டாரோ என்று பதறிப்போய்த் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. டப்ளினின் முன்வரிசை ஆட்கள் கோல் அடித்த நேர்த்தியை வேறு புகழ்ந்தேன். அன்றைக்கு டப்ளின்காரர் ஒருவர்கூடக் கோல் அடிக்கவில்லை. இரண்டுமே மேயோ ஆட்கள் தங்கள் வலைக்குள் தாங்களே தள்ளிக்கொண்டவை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும். குரோக் பார்க்கின் பெரிய ஸ்டாண்டுக்கு ஹோகன் ஸ்டாண்ட் என்று பெயர். நான் அதை விளம்பரம் கொடுத்த கம்பெனியின் பெயர் என்று எண்ணி, "ஹோகன் என்ன வியாபாரம் பண்றாங்க?" என்று கெர்ரிக்காரரிடம் கேட்டிருக்கிறேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். 1920 நவம்பர் 21, டப்ளினுக்கும் டிப்பரரிக்கும் அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படை உள்ளே புகுந்து சுட்டது. செத்தவர்கள் 14 பேர். அதில் ஆடிக்கொண்டிருந்தவர் ஒருவர், டிப்பரரியின் மைக்கேல் ஹோகன். சொல்லிவிட்டு அவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். அன்றைக்கு நான் வியூகம் எதுவும் பேசவில்லை.

இங்கே யாரைச் சந்தித்தாலும் மூன்றாவது வாக்கியத்துக்குள் "நீ எந்தக் கவுன்டி?" என்று கேட்டுவிடுவார்கள். கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி, ஆனால் நம் மாவட்டத்துக்காக யாரும் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு அழுவதில்லை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஏலம் கிடையாது. இன்றைக்கு இந்த அணி, நாளைக்கு அந்த அணி என்ற பேச்சே அபூர்வம். பிறந்து வளர்ந்த ஊருக்கு ஆடுவார்கள், ஆடி முடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். கிளிஃபர்டே ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அப்பா கெர்ரி, நானும் கெர்ரி. அம்மா டோனிகால், அதனால் ஒரு கண் அங்கே என்று எல்லோருக்கும் ஒரு பதில் இருக்கிறது. எனக்கு இல்லை. டப்ளினில் வீட்டுக்கடன் கட்டுகிறேன் என்பதெல்லாம் ஒரு பதிலாகாது. ஊர் உள்ளவன் கொடியைப் பிடித்துக்கொண்டு கத்தினால் போதும், அவனை யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஊர் இல்லாதவன் பேச்சுக்குள் நுழைய எதையாவது கையில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. நான் அம்புக்குறிகளைக் கொண்டுபோனேன்.

அந்தத் தைரியத்தில் ஒரு வருடம் உள்ளூர் கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்றபோது கையைத் தூக்கிவிட்டேன். ஆளைத் துரத்தாதீர்கள், இடத்தைக் காவல் காத்து நில்லுங்கள் என்று ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்கினேன். ஆட்டம் தொடங்கியதும் ஆளையும் விட்டார்கள், இடத்தையும் விட்டார்கள். பந்து இருக்கும் இடத்துக்கு ஒருவரைத் தவிர எல்லோரும் தேனீக்கூட்டமாகப் போனார்கள். நான் கொடுத்த இடத்தில் சொன்னபடி நின்றது அந்த ஒரே ஒரு குழந்தை. அது மண்புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிறுவர் ஆட்டங்களில் இங்கே முடிவை வெளியிடுவதில்லை. பிள்ளைகளின் மனசு நோகாமலிருக்க ஏற்படுத்திய விதி. என்னைத்தான் அதிகம் காப்பாற்றியது. அடுத்த பருவத்தில் எனக்குத் தண்ணீர் பாட்டில் பொறுப்பு கொடுத்தார்கள். அதை நான் இன்றுவரை நன்றாகவே செய்துவருகிறேன்.

இனி என் முன்னோட்டங்களின் சரித்திரம். 2021-இல் மேயோ ஜெயிக்கும் என்று எழுதினேன். ஆறு வருடம் தொடர்ந்து கோப்பையை வைத்திருந்த டப்ளினை அரையிறுதியில் வீழ்த்தியவர்கள் அல்லவா? டைரோன் ஜெயித்தது, 2-14க்கு 0-15. என் அலுவலகத்தில் ஒரு மேயோக்காரர் உண்டு, அதிகம் பேசமாட்டார். அவர்தான் மறுநாள் காபி மெஷின் அருகே எனக்கு ஒரு தகவல் சொன்னார். அதற்கு முந்தைய வருடம் டப்ளினிடம் அவர்கள் தோற்றதும் 2-14க்கு 0-15தான். அச்சாக அதே கணக்கு. 1951-க்குப் பிறகு மேயோ கோப்பையைத் தொட்டதில்லை. ஜெயித்துவிட்டு வந்த அணி வழியில் ஒரு சவ ஊர்வலத்துக்கு மரியாதை செய்யாமல் போனதால் பாதிரியார் சாபமிட்டார் என்று ஒரு கதை அங்கே உலவுகிறது. "சாபத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது," என்றார் அவர். "ஆனால் அடுத்த தடவை நீ எங்களைப் பற்றி எழுதாதே."

2022-இல் கால்வே என்றேன். கால்வேயின் ஷேன் வால்ஷ் ஒருவரே ஒன்பது பாயிண்ட் அடித்து என் மானத்தைக் காக்கப் பார்த்தார். கெர்ரி 0-20, கால்வே 0-16. 2023-இல் கெர்ரி என்று மாறினேன். ஓய்விலிருந்து திரும்பி வந்திருந்த டப்ளின் கோல்கீப்பர் ஸ்டீஃபன் கிளக்ஸ்டனுக்கு வயது 41 என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டு, 'இவரே ஓட்டை' என்று சிவப்பில் எழுதினேன். டப்ளின் இரண்டு பாயிண்டில் ஜெயித்தது. ஓட்டை தன் ஒன்பதாவது பதக்கத்தை வாங்கிக்கொண்டு போயிற்று. அந்தக் கணக்கைத் தொட்டவர்கள் அவரும் அதே அணியின் இரண்டு பேரும்தான், அதற்கு முன்னால் யாருமில்லை.

எல்லாவற்றையும்விட 2024 முன்னோட்டத்தைத்தான் நான் ஒளித்து வைத்திருக்கிறேன். அர்மாவுக்கு எதிராகக் கால்வே ஜெயிக்கும் என்று நடுக்கள ஆட்களின் உயரம் முதற்கொண்டு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அர்மாவின் 3-ஆம் எண், ஃபுல்-பேக் ஏரன் மக்கே. அவரைப் பற்றி ஒரே வரி: 'தன் கோலை விட்டு நகரமாட்டார், கணக்கில் சேர்க்க வேண்டாம்.' அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு கோல்தான் விழுந்தது. அடித்தவர் ஏரன் மக்கே. அர்மா 1-11, கால்வே 0-13. ஒரு பாயிண்ட் வித்தியாசம். கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நான் தள்ளிவைத்த ஆளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் என் கணக்கு சரிதான்.

இத்தனைக்குப் பிறகு ஒரு மனிதன் பேனாவை மூடியிருக்க வேண்டும். ஆனால் 2025-இல் விதிகளையே மாற்றிவிட்டார்கள். பழைய தோல்விகளெல்லாம் பழைய விதிகளின் கீழ் நடந்தவை, புதுக் கணக்கு தொடங்கலாம் என்று எனக்குப் பட்டது.

மாற்றியதற்குக் காரணம் இருந்தது. பந்து எதிரணிக்குப் போனதும் பதினாலு பேர் தங்கள் பாதிக்கு ஓடிவந்து சுவர் கட்டிவிடுவது பல வருடமாகப் பழகிப்போயிருந்தது. டோனிகாலின் மேனேஜர் ஜிம் மெக்கின்னஸ் அந்தக் கலையில் கைதேர்ந்தவர். 2011 அரையிறுதியில் டப்ளினும் டோனிகாலும் ஆடிய ஆட்டம் 0-8க்கு 0-6 என்று முடிந்தது. அதை முழுசாகப் பார்த்த கெர்ரிக்காரர், பெயிண்ட் காய்வதைப் பார்த்திருந்தால் சுவராவது மிஞ்சியிருக்கும் என்பார். டப்ளினின் பழைய மேனேஜர் ஜிம் கேவின் தலைமையில் குழு போட்டு விதிகளைத் திருத்தினார்கள். ஒவ்வோர் அணியும் எப்போதும் மூன்று பேரையாவது எதிர்ப்பாதியில் விட்டுவைக்க வேண்டும். கோலிலிருந்து 40 மீட்டரில் ஒரு வளைகோடு. அதற்கு வெளியே நின்று அடித்தால் இரண்டு பாயிண்ட். கோல்கீப்பர் உதைக்கும் பந்து அந்தக் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும், பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டிவிட்டு நேரம் கடத்த முடியாது. ஆட்டம் ஒரே வருடத்தில் மூச்சுவிட ஆரம்பித்தது. நானும் புது நோட்டு வாங்கினேன்.

என் கணக்கின் அடிப்படை மீத் அணி. ஜூன் மாதம் குழுச் சுற்றில் மீத் கெர்ரியை 1-22க்கு 0-16 என்று அடித்தது, ஒன்பது பாயிண்ட். ஜூலையில் அரையிறுதியில் அதே மீத்தை டோனிகால் 3-26க்கு 0-15 என்று துவைத்தது, இருபது பாயிண்ட். மீத் கெர்ரியைவிட ஒன்பது உயரம், டோனிகால் மீத்தைவிட இருபது உயரம். ஆக டோனிகால் கெர்ரியைவிட 29 உயரம். எட்டாம் வகுப்பில் நான் கணக்கில் பார்டரில் தேறியவன். இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு என் கையில் இதற்குமுன் வந்ததே இல்லை. 'டோனிகால் +29' என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டேன்.

இடையில் கெர்ரி காலிறுதியில் நடப்புச் சாம்பியன் அர்மாவுக்கு எதிராக, அவர்களை ஒன்றுகூட அடிக்கவிடாமல் தொடர்ந்து பதினாலு பாயிண்ட் குவித்தது என்பது செய்தி. அந்த மத்தியானம் நான் மனைவியோடு மரச்சாமான் கடையில் அலமாரிக்குக் கைப்பிடி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். நான் பார்க்காததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மீதி வியூகமெல்லாம் 29-க்குப் பொருத்தமாக ஆள் பிடித்துச் சேர்த்ததுதான். டோனிகால் கோல்கீப்பர் ஷான் பேட்டனின் உதை நெடுந்தூரம் போகும், புது விதிக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றவர். 2012-இல் கோப்பை வாங்கிய கேப்டன் மைக்கேல் மர்ஃபி ஓய்விலிருந்து திரும்பி வந்திருக்கிறார். மெக்கின்னஸின் ஆட்கள் களைக்கத் தெரியாதவர்கள். கெர்ரியோ ஒற்றை ஆள் அணி. கிளிஃபர்டை மறித்தால் தீர்ந்தது. இரண்டு பாயிண்ட் உதைகளை இறுதி ஆட்டத்தின் படபடப்பில் யாரும் நம்பமாட்டார்கள். 2014 இறுதியில் இதே கெர்ரி இதே மெக்கின்னஸை 2-9க்கு 0-12 என்று தோற்கடித்ததே என்று கெர்ரிக்காரர் நினைவூட்டினார். அது பழைய விதி என்றேன்.

கொடி விஷயத்தில் நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கெர்ரிக்கும் டோனிகாலுக்கும் ஒரே நிறம், பச்சையும் பொன் மஞ்சளும். கெர்ரிக்காரர் பக்கத்து வீடு. மனைவியின் வார்டில் வேலை செய்யும் டோனிகால் நர்ஸ் எங்கள் வீட்டுக் குடும்ப சிநேகிதி. எழுத்து எதுவும் இல்லாத பச்சை-மஞ்சள் துணி ஒன்றை வாங்கி ஜன்னலில் கட்டிவிட்டேன். கெர்ரிக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அந்தம்மா செல்பேசியில் இதயம் அனுப்பினார். இரண்டு பேரையும் ஞாயிற்றுக்கிழமை டீக்கு என் மனைவி கூப்பிட்டிருக்கிறாள் என்பது எனக்குச் சனிக்கிழமைதான் தெரிந்தது.

அலுவலகத்தில் வேறொரு பொய். இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் கடையில் வாங்கும் சமாச்சாரமில்லை. 82,300 பேர் கொள்ளும் மைதானம், ஆனால் கவுன்டி வழியாக, கிளப் வழியாகப் பங்கு போட்டுத்தான் வரும். எங்கள் கிளப்புக்கு வந்த சொற்பத்தைக் குலுக்கிப் போட்டார்கள். தண்ணீர் பாட்டில் பொறுப்பாளர் பெயர் வரவில்லை. வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், முன்னோட்டத்தை நான் உணர்ச்சியோடு விளக்கி முடித்ததும் ஒருவர், "இவ்வளவு தெரிந்தவன், நேரில் போகிறாய்தானே?" என்று கேட்டார். "ஆமாம்" என்று வந்துவிட்டது. "எந்த இடம்?" "ஹில் 16." நின்றுகொண்டே பார்க்கும் திண்ணை அது, உயிரைக் கொடுக்கும் ரசிகர்களின் இடம். பொய் என்று ஆனபின் உட்காரும் டிக்கெட்டோடு எதற்கு நிறுத்துவது என்று தோன்றியிருக்க வேண்டும். மேயோக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மூன்றரை. சோஃபாவின் இடது ஓரத்தில் கெர்ரிக்காரர், வலது ஓரத்தில் டோனிகால் நர்ஸ், நடுவில் நான், ஜன்னலில் எங்கள் மூவருக்கும் பொதுவான கொடி. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் என்னைப் பார்த்துத் தனித்தனியே கண்ணடித்துக்கொண்டிருந்தார்கள்.

டோனிகால் நான் வரைந்த மாதிரியேதான் நின்றது. இடத்தைக் காவல் காத்தார்கள். அந்த இடங்களுக்கு நடுவே கிளிஃபர்டின் அண்ணன், தமிழில் எழுதினால் பாட்டுக்காரர் மாதிரி இருக்கும், பாடி கிளிஃபர்ட், சந்தையில் காய்கறி வாங்க வந்தவர் போல உலாத்திக்கொண்டிருந்தார். எங்கே பார்த்தாலும் பந்து அவர் கையில் இருந்தது. என் மேசையில் அவர் ஏதோ ஒரு பட்டாணி. எந்தப் பட்டாணி என்றுகூட எனக்கு நினைவில்லை. தம்பியோ வளைகோட்டுக்கு வெளியே நின்று, யாரும் நம்பமாட்டார்கள் என்று நான் எழுதிய அந்த இரண்டு பாயிண்ட் உதையை அடித்தார். மறுபடி அடித்தார். அன்றைக்கு மொத்தம் மூன்று, அதோடு ஒற்றைகளும் சேர்த்து அவர் கணக்கில் ஒன்பது. பாதி ஆட்டத்தில் கெர்ரி 0-17, டோனிகால் 0-10.

இடைவேளையில்தான் அந்த அசம்பாவிதம். என் நோட்டு தமிழில் இருப்பதால் எனக்கு ஒரு பாதுகாப்பு உணர்ச்சி இருந்தது. டீபாயின் மேலேயே போட்டு வைத்திருந்தேன். கெர்ரிக்காரர் அதைப் புரட்டிவிட்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று பையனிடம் கேட்டார். சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை அவன். அன்றைக்கு யாரும் வற்புறுத்தாமல், விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தான். "கெ... ர்ரி... ஒற்... றை... ஆள்... அணி." அதை அழகாக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவும் செய்தான். பிறகு பக்கத்தைத் திருப்பி, "டோனிகால் 29 பாயிண்டுல ஜெயிக்கும்னு அப்பா போட்டிருக்காரு, வட்டம்கூட இருக்கு" என்றான்.

கெர்ரிக்காரர் ஜன்னலில் இருந்த கொடியை ஒரு தடவை பார்த்தார். டோனிகால் நர்ஸ், "29-ஆ?" என்றார். அவர் குரலில் நன்றி இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அதில் இருந்தது பயம்.

"பிள்ளை எவ்வளவு நல்லாத் தமிழ் படிக்குது பாத்தீங்களா," என்றாள் மனைவி. அவளுக்கு இந்த ஆட்டத்தில் அக்கறை கிடையாது. ஆனால் அன்றைக்கு நன்றாக ரசித்தாள்.

இரண்டாம் பாதியில் டோனிகால் வித்தியாசத்தை நான்கு பாயிண்ட் வரை குறைத்தது. எனக்கு உயிர் வந்தது. நோட்டை எடுத்து, 'களைப்பு, 50-ஆம் நிமிடம், நான் சொன்னேன்' என்று எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்து நிமிர்வதற்குள் கெர்ரி மறுபடி தூரம் போய்விட்டது. கடைசி நிமிடங்களில் அந்தம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் நுழைந்துகொண்டேன். இஞ்சி தட்டிக்கொண்டிருக்கும்போது கெர்ரிக்காரரின் கூச்சல் கேட்டது. ஜோ ஓ'கானர் கோல். அந்த ஆட்டத்தின் ஒரே கோல். ஒரு வாரம் ஆராய்ச்சி செய்தவன் அதைப் பார்க்கவில்லை. கைப்பிடி வாங்கிய அலமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெர்ரி 1-26, டோனிகால் 0-19. கேப்டன் கேவின் வைட் கோப்பையைத் தூக்கினார். கெர்ரிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு என் நோட்டை எடுத்து அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்து, ஒரு கோல் மூன்று, மூன்றும் இருபத்தாறும் என்று வாய்விட்டுக் கூட்டினார். "இருபத்தொன்பது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். யார் அடிப்பார்கள் என்பதில்தான் சின்னத் தடுமாற்றம்."

ராத்திரி எல்லோரும் போன பிறகு நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டோனிகால் 29-இல் ஜெயிக்க வேண்டியது, 10-இல் தோற்றது. என் பிழை 39 பாயிண்ட். அன்றைக்குக் கெர்ரி வாங்கியது அதன் 39-ஆவது பட்டம். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மனைவியை எழுப்பிச் சொன்னேன். "கொடிய அவுத்துட்டுப் படுங்க," என்றாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எல்லோரும் ஹில் 16-இலிருந்து வந்தவனைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டம், சத்தம், ரயிலில் இடமில்லை, தொண்டை கட்டிவிட்டது என்று நான் ஓரளவுக்குச் சமாளித்துக்கொண்டிருந்தேன். தொண்டை நிஜமாகவே கட்டியிருந்தது. இஞ்சி டீ உதவவில்லை. அப்போது மேயோக்காரர் வந்தார். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஓ'கானர் கோல் எந்தப் பக்கம் விழுந்தது?"

"இடது பக்கம்," என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் எனக்கே தெரிந்துவிட்டது. மைதானத்தில் இருந்தவன் ஹில் பக்கம் என்பான், டேவின் ஸ்டாண்ட் பக்கம் என்பான், பழைய ஆளாயிருந்தால் கேனல் பக்கம் என்பான். ஹில்லில் நிற்பவனுக்கு ஒரு கோல் காலடியில், ஒரு கோல் தூரத்தில். இடதும் வலதும் சோஃபாவில் இருப்பவனுக்குத்தான்.

அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். பிஸ்கட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"உன் வீட்டு டிவி எத்தனை இன்ச்?"

"ஐம்பத்தைந்து," என்றேன்.